வீட்டு ஆளுக்குக் கடைசிப் பந்தி

போன இதழில், விமானக் கம்பெனி ஊழியர்களின் இலவசப் பயணத்தைப் பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். "ஓசி டிக்கெட்டில் போகிறவனுக்கு ஊரில் இல்லாத பொறுமை வேண்டும்" என்று அதில் ஒரு வரி. அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் பாதி, பைலட்டுகள் இருக்கும் வீடுகளிலிருந்து. சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும். 33 வருடம் பறந்துவிட்டு, செம்பூரில் டயமண்ட் கார்டன் பக்கம் காலை நடை போய்க்கொண்டிருக்கும் ஆளிடம் கேட்கிறீர்கள். சட்டப் புத்தகம் மாதிரி பதில் வராது.

*

கேள்வி: நான் கோயம்புத்தூர்க்காரன். மும்பையை பேஸாக வைத்துப் பறக்கும் கோ-பைலட். வார ஓய்வுக்கு ஊருக்குப் போய்விட்டு, ஞாயிறு மாலை விமானத்தில் ஸ்டாண்ட்பையில் திரும்புவேன். சீட் நிறைந்துவிட்டால் ஜம்ப் சீட் கேட்பேன். இரண்டு வாரம் முன்பு எங்கள் கம்பெனி கமாண்டர் ஒருவர் "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். காரணமும் சொல்லவில்லை. என்னிடம் அனுமதித் தாள் எல்லாம் சரியாக இருந்தது. இது நியாயமா சார்?
(அந்தேரி கிழக்கிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நியாயம்தான் தம்பி.

மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ஸ்டாண்ட்பை என்றால், கடைசியில் சீட் மிச்சமிருந்தால் ஏறிக்கொள்ளும் பயணம். கமாண்டர் என்றால் அந்த விமானத்துக்குப் பொறுப்பான கேப்டன். காக்பிட்டில் இரண்டு பைலட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் கூடுதல் நாற்காலிதான் ஜம்ப் சீட். பரிசோதகர் வந்தாலோ, வேலை கற்றுக்கொள்ளப் புதியவர் வந்தாலோ உட்காருவதற்காக வைத்தது. போயிங் 737-ல் அதை விரித்துப் போட்டால் கதவுக்குப் போகும் வழியையே அடைத்துக்கொண்டு நிற்கும். கேப்டன் பாத்ரூம் போக வேண்டுமானால் அதில் இருப்பவர் எழுந்து, நாற்காலியை மடக்கி, சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். ஏர்பஸ் 320-ல் கொஞ்சம் தாராளம். எதுவானாலும், இரண்டு பேர் வேலை செய்யும் சின்ன அறைக்குள் நீங்கள் மூன்றாவது ஆள்.

அந்த அறைக்குள் யார் யார் வரலாம் என்று விதி இருக்கிறது. விதிப்படி வரத் தகுதி உள்ளவரையும் ஏற்றிக்கொள்வதா வேண்டாமா என்பது கமாண்டரின் முடிவு. உங்களிடம் காரணம் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. அன்று பக்கத்தில் இருந்தவர் புதுசாக வந்த கோ-பைலட்டாக இருக்கலாம். முதுகுக்குப் பின்னால் இன்னொரு பைலட் உட்கார்ந்திருந்தால் புதியவனுக்குக் கை நடுங்கும். மும்பையில் மழை கொட்டிக்கொண்டிருந்திருக்கலாம். உங்களை ஏற்றினால் மரியாதைக்காகவாவது பேச வேண்டும், அன்றைக்குப் பேச்சு வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் "சரி சார், நன்றி" என்று சொல்லி இறங்கி வருவதுதான் முறை. நீங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினீர்களா, சிரித்துக்கொண்டு இறங்கினீர்களா என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த வாரமும் அவரே வரக்கூடும்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. எப்படிக் கேட்டீர்கள்?

"சார், ஜம்ப் சீட்ல வர்றேன்" என்பது ஒன்று. "சார், உங்களோட வரலாமா?" என்பது வேறு. முதலாவதைக் கேட்டால் எனக்கே கொஞ்சம் சுள்ளென்று ஏறும். கேட் ஊழியர் உங்கள் பெயரை எழுதிக்கொண்டதோடு வேலை முடியவில்லை. விமான வாசலில் நிற்கும் கேபின் க்ரூவிடம் முதலில் பெயர் சொல்லுங்கள், யார், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர் உள்ளே பார்த்துவிட்டு வரச் சொன்னால் போங்கள். அப்போதும் காக்பிட் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒருவர் படிக்க இன்னொருவர் கம்ப்யூட்டரில் பாதையை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் "ஹலோ சார்" என்று தலையை நீட்டினால் ஒரு எண் தப்பிப் போகும். அவர்கள் திரும்பிப் பார்க்கும் வரை பொறுங்கள். அடையாள அட்டையும் லைசென்ஸும் கையில் இருக்கட்டும், பைக்குள் துழாவ வேண்டாம். கமாண்டரிடம் மட்டும் பேசிவிட்டு கோ-பைலட்டைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். அவர் உங்களுக்கு ஜூனியராகவே இருந்தாலும் அது அவர் வேலை செய்யும் இடம்.

உள்ளே போனபின் வாரை மாட்டிக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் மாஸ்க் எங்கே, அவசரத்துக்கு ஜன்னல் வழியாக இறங்கும் கயிறு எங்கே என்று அவர்கள் சொல்லும்போது, உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தாலும் கேளுங்கள். போன் அணைந்திருக்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது என்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் தப்பு ஏதாவது கண்ணில் பட்டால், பக்கத்தில் இன்னொரு விமானம் வருவதோ, சக்கரம் இறங்காததோ, உடனே வாயைத் திறக்க வேண்டும். ஓசியில் வந்தவன் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் அங்கே ஆகாது. மற்றபடி லாண்டிங் எப்படி இருந்தது என்று கேட்காமல் கருத்துச் சொல்லாதீர்கள். "ஸ்மூத் சார்" என்பதுகூட, இடித்து இறக்கிய நாளில் குத்தலாகப் போய் விழும். போதாததற்கு அங்கே பேசுவதெல்லாம் பதிவாகிறது. ஜம்ப் சீட் ஆளின் மைக்குக்கும் அந்தப் பதிவுக் கருவியில் தனியாக இடம் உண்டு.

என் கதை ஒன்று. 1994. அப்போது மெட்ராஸ், பாம்பே என்றுதான் சொல்வோம். நான் கோ-பைலட். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெட்ராஸிலிருந்து திரும்ப ஜம்ப் சீட் கிடைத்தது. கமாண்டர் ஒரு பார்சிக்காரர், அதிகம் பேசாதவர். அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சங்காய் ஊறுகாய் பாட்டில் என் கைப்பையில். மேலே போகப் போக விமானத்துக்குள் காற்றழுத்தம், ஏறக்குறைய 8,000 அடி மலைமேல் இருப்பது போல ஆகிவிடும். பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று வெளியே வரப் பார்க்கும், வரும்போது எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வரும். பாம்பேக்கு இறங்க ஆரம்பித்தபோது காக்பிட் முழுக்கப் பெருங்காய வாசனை. எனக்குக் காது வரை சூடு. அவர் தலையைத் திருப்பவில்லை. கோ-பைலட் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார், அவ்வளவுதான். இறங்கி, ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, செக்லிஸ்ட் முடிந்தபின் திரும்பி ஒரே கேள்வி கேட்டார்: "எலுமிச்சையா, மாங்காயா?"

அம்மாவிடம் சொன்னபோது, "முன்னாடியே சொல்லியிருந்தா கல்லிடைக்குறிச்சி அப்பளம் கொடுத்தனுப்பியிருப்பேனே" என்றாள். அப்பளம் கசியாது, உண்மைதான். காக்பிட்டுக்கு எதையாவது கொண்டுபோவதானால் பிரிக்காத சாக்லேட் பெட்டி போதும் தம்பி. முறுக்கு வேண்டாம், விரல் எண்ணெய் எல்லாப் பட்டனிலும் ஒட்டும்.

*

கேள்வி: என் மகன் பைலட். போன தீபாவளிக்குச் சென்னை போக ஸ்டாண்ட்பையில் நின்று இரண்டு விமானத்தைக் கோட்டை விட்டான். அவனுக்குப் பிறகு வந்த இரண்டு பேரை உள்ளே அனுப்பினார்களாம். சொந்தக் கம்பெனி விமானத்திலேயே பைலட்டுக்கு இடமில்லை என்றால் அவமானம் இல்லையா?
(மாதுங்கா வாசகி)

பதில்: அம்மா, நம் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணின் சித்தப்பா எந்தப் பந்தியில் சாப்பிடுவார்? முதல் பந்தியில் உட்கார்ந்தால் ஊர் சிரிக்காதா? சம்பந்தி, விருந்தாளி, சமையல்காரருக்கு உதவிய பையன் எல்லாரும் சாப்பிட்டு, பாயசம் தீர்ந்து, அப்பளம் நமுத்துப்போன பிறகு கடைசிப் பந்தியில் உட்காருவார். அவர் வீட்டு ஆள், அதனால்தான் கடைசி. உங்கள் மகனும் அப்படித்தான் நிற்கிறார்.

பந்தி வரிசையைச் சொல்கிறேன். காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவர்கள் முதலில். அதே கணக்கில், வேலைக்காக வேறு ஊருக்குக் கொண்டுபோகப்படும் ஊழியர்கள். கம்பெனி பாஷையில் 'ஸ்டாஃப் ஆன் டியூட்டி'. இவர் போய்ச் சேராவிட்டால் அங்கே ஒரு விமானம் கிளம்பாது, அதனால் அவருக்கு சீட் முன்னாலேயே உறுதி. உங்கள் மகனுக்குப் பிறகு வந்து உள்ளே போன இரண்டு பேர் பெரும்பாலும் இவர்களாக இருப்பார்கள், அல்லது முந்தைய விமானத்தைத் தவறவிட்டுக் காசு கட்டி மாற்றிக்கொண்ட பயணிகள். இதெல்லாம் போக மிச்சம் இருக்கும் சீட்டுக்குத்தான் விடுமுறையில் போகும் ஊழியர், குடும்பம், ஓய்வு பெற்றவர், பிற கம்பெனி ஊழியர் எல்லாம் நிற்பது. எங்கள் காலத்தில் இதற்கு 'சப்லோ' என்று பெயர், 'சப்ஜெக்ட் டு லோடு' என்பதன் சுருக்கம். இடம் மிச்சமிருந்தால் சீட், இல்லாவிட்டால் வீடு. 'ஐடி 90' என்று ஒரு டிக்கெட் உண்டு, 90 சதவீதத் தள்ளுபடி. அதை எடுத்தவனும் சப்லோதான். அந்தக் கடைசிப் பந்திக்குள்ளும் யார் முன்னால் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சில கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்த தேதி, சில இடங்களில் கவுண்ட்டரில் பெயர் கொடுத்த நேரம். பைலட் என்பதற்காகத் தனி மதிப்பெண் கிடையாது. 25 வருடம் சாமான் ஏற்றியவர், 2 வருடப் பைலட்டுக்கு முன்னால் போவார். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

நம் ஊர் உள்நாட்டு விமானத்தில் கவுண்ட்டர் 60 நிமிடம் முன்னால் மூடும். கேட் 25 நிமிடம் முன்னால். இடையில் இருக்கும் அந்த 35 நிமிடம்தான் ஸ்டாண்ட்பைக்காரனின் ஜாதகம். கேட் பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, இன்னும் எத்தனை பேர் வரவில்லை என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பான். நாலு பேர் பாக்கி. விலே பார்லே சிக்னலில் யாரோ ஒரு குடும்பம் மாட்டிக்கொள்ளட்டும் என்று முருகனை வேண்டிக்கொள்வான். செடா நகர் முருகனுக்கு இந்த மாதிரி வேண்டுதல் எத்தனை வந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. கேட் மூட 2 நிமிடம் இருக்கும்போது அந்தக் குடும்பம் ஓடி வரும். குழந்தை கையில் பாதி கடித்த வடா பாவ். அவர்கள் உள்ளே போவதைப் பார்த்துப் புன்னகை செய்யத் தெரிந்தவன்தான் ஸ்டாண்ட்பையில் போக லாயக்கு.

உங்கள் மகன் கேட் ஊழியரிடம் எத்தனை தடவை போய்க் கேட்டார் என்று விசாரியுங்கள். ஒரு தடவை பெயர் கொடுத்தால் போதும். பெயர் கூப்பிடும் தூரத்தில் உட்கார வேண்டும், காபி குடிக்கப் போகக்கூடாது, கவுண்ட்டரில் முழங்கை ஊன்றக்கூடாது. அந்தப் பெண்ணுக்கு அந்த 35 நிமிடத்தில் ஆயிரம் வேலை. அப்புறம் ஒரு யோசனை, கோபித்துக்கொள்ளாதீர்கள்: தீபாவளிக்கு முந்தின நாள் சென்னை விமானத்தில் சப்லோ போகலாம் என்று நினைத்தவர் மேல்தான் எனக்குக் குறை. தாதர் போய் ரயில் ஏறியிருந்தால் மறுநாள் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்திருப்பார்.

*

கேள்வி: மூன்று சீட் காலி என்று போன் ஆப்பில் காட்டியது. ஆனாலும் என் கணவரை ஏற்றவில்லை. பொய் சொல்கிறார்களா?
(கோரேகாவ் வாசகி)

பதில்: பொய் இல்லை, எடை. விமானத்துக்குச் சீட்டுக் கணக்கு ஒன்று, பாரக் கணக்கு இன்னொன்று. மும்பைக்கு மழைக்காலத்தில் வரும் விமானம், மேலே சுற்றிக் காத்திருக்கவும், இறங்க முடியாவிட்டால் அகமதாபாத்தோ ஹைதராபாத்தோ போகவும் கூடுதல் எரிபொருள் போட்டுக்கொள்ளும். அந்தப் பாரம் ஏறினால் வேறொரு பாரம் இறங்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 10,000 அடிக்கு மேல் இருக்கும் லேயிலிருந்து கிளம்பும் விமானத்தில் காற்றே மெலிசு, காலி சீட்டோடு பறப்பது சகஜம். ஜம்ப் சீட்டில் உட்காருகிறவரும் லோடு ஷீட்டில், அதாவது பாரக் கணக்குத் தாளில், ஏற வேண்டிய பாரம்தான். "நான் ஒல்லிதானே சார்" என்று ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார்.

*

கேள்வி: என் நாத்தனார் கணவர் அமெரிக்காவில் பைலட். வீடு டெக்சாஸில், வேலை நியூயார்க்கிலிருந்து. டியூட்டிக்குப் போவதே வேறு கம்பெனி விமானத்தின் காக்பிட்டில் உட்கார்ந்துதானாம், காசே கிடையாதாம். கதை விடுகிறாரா?
(முலுண்ட் வாசகி)

பதில்: கதை இல்லை. இந்த விஷயத்தில் நம்மைவிட அவர்கள் நூறு மடங்கு முன்னால். நல்லதா கெட்டதா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அங்கே கணிசமான பைலட்டுகள் வேலை பார்க்கும் ஊரில் குடியிருப்பதில்லை. வீடு ஒரு ஊர், பேஸ் ஒரு ஊர். நம் ஆள் டோம்பிவிலியிலிருந்து லோக்கல் பிடிப்பது போல அவர்கள் விமானம் பிடிக்கிறார்கள். பெயரும் அதேதான், 'கம்யூட்டிங்'. ஒரு கம்பெனியின் பைலட்டை இன்னொரு கம்பெனி ஏற்றிக்கொள்வதாகத் தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. சரக்கு விமானங்கள்கூட அதில் சேர்த்தி. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு இது நின்றே போகும் நிலை வந்தது. பிறகு ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். கேட் ஊழியர் அந்தப் பைலட்டின் ஊழியர் எண்ணைத் தட்டினால், இவர் இன்றைக்கும் அந்தக் கம்பெனி வேலையில் இருக்கிறாரா, காக்பிட்டில் ஏறலாமா என்பது போட்டோவோடு வரும். அது சரியென்றாலும் அங்கேயும் கேப்டன் "வா" என்றால்தான் உண்டு. முதல் உரிமை அந்தக் கம்பெனியின் சொந்தப் பைலட்டுக்கு. மற்ற கம்பெனிக்காரர்களுக்குள் பொதுவாக முதலில் வந்தவர் முதலில். கேபினில் சீட் காலி இருந்தால் அங்கே உட்கார வைப்பார்கள், அதற்கும் ஜம்ப் சீட் என்றே பெயர். நான் பறந்த காலத்தில் நம் நாட்டில் கம்பெனி விட்டுக் கம்பெனி காக்பிட்டில் இப்படி ஏறி நான் பார்த்ததில்லை. வேறு கம்பெனி யூனிஃபாரத்தை எங்கள் கேட்டில் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்போம், அதோடு சரி.

டியூட்டிக்கு முந்தின இரவு தங்க, ஏர்போர்ட் பக்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு வைத்திருப்பார்கள். அடுக்குக் கட்டில், ஆளுக்கொரு போர்வை. அதற்கு 'கிராஷ் பேட்' என்று பெயர். நம் ஆட்கள் அந்தக் காலத்தில் மாதுங்காவில் மெஸ் வைத்திருந்தார்களே, அதேதான், சாம்பார் மட்டும் இருக்காது. ஒரு விமானம் தவறினாலும் அடுத்தது பிடித்து நேரத்துக்குப் போய்ச் சேரும்படி இரண்டு விமானத்தைக் கணக்கில் வைத்துக் கிளம்ப வேண்டும் என்று பல கம்பெனி ஒப்பந்தங்களில் இருக்கிறது.

இனி அந்தக் கெட்டது. 2009 பிப்ரவரி 12 ராத்திரி, நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன ஒரு சின்ன விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது கேப்டன் தப்பாகக் கையாண்டதுதான் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. ஆனால் என் மாதிரி ஆட்களுக்கு அந்த அறிக்கையில் மனதில் நின்றது வேறு. அந்த கோ-பைலட் பெண் முந்தின ராத்திரி நாட்டின் மேற்குக் கோடியிலிருக்கும் சியாட்டிலிலிருந்து கிளம்பி, சரக்கு விமானத்தில் ஏறி, மெம்ஃபிஸில் இன்னொரு சரக்கு விமானத்துக்கு மாறி, காலையில் நியூவார்க் வந்து சேர்ந்தவர். கேப்டனின் வீடு ஃப்ளோரிடாவில். ஏர்போர்ட்டில் க்ரூ அறை சோபாதான் படுக்கை. களைப்பு எவ்வளவு பங்கு வகித்தது என்று அளந்து சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு 2010-ல் சட்டம் வந்தது, 2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதி அமலானது. டியூட்டிக்கு முன்னால் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு.

விதி ஓய்வைத்தான் கொடுக்கும். அந்த ஓய்வைக் கொண்டுபோய் ஜம்ப் சீட்டில் செலவழித்தால் விதி என்ன செய்யும்? இது முலுண்ட் அம்மாவுக்கு மட்டும் சொல்வதில்லை, அந்தேரித் தம்பிக்கும்தான். 2024 ஜனவரியில் நம் விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ வெளியிட்ட புதிய விதியில் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. அதில் கோயம்புத்தூர் போய் வரும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து ஏர்போர்ட், காத்திருப்பு, ஏறக்குறைய 2 மணி நேரப் பறப்பு, மறுபடி அந்தேரி ஆட்டோ. ஒரு பக்கத்துக்கே 6 மணி சுலபமாகப் போகும், ஒரு விமானம் தவறினால் 10. திங்கள் காலை 5 மணிக்கு ரிப்போர்ட்டிங் இருக்கும்போது ஞாயிறு மாலைக் கடைசி விமானத்துக்கு ஸ்டாண்ட்பை நிற்பது எனக்குப் பிடிக்காது. மத்தியான விமானத்துக்கு நில்லுங்கள், அது தவறினால் மாலை. அம்மா கையால் ஒரு வேளைச் சாப்பாடு குறையும், தெரியும். நானும் நின்றிருக்கிறேன். அப்படி ஒரு திங்கள் காலை, டியூட்டியில் ரேடியோ அழைப்பு எங்களுக்குத்தான் என்று மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. முதல் இரண்டு தடவையும் கமாண்டரே பதில் சொல்லிக்கொண்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனத்தைவிட இரண்டு திட்டு வாங்கியிருக்கலாம்.

*

கேள்வி: காசு கொடுத்தால் என் பேரனைக் காக்பிட் ஜம்ப் சீட்டில் உட்கார வைப்பார்களா? அவனுக்கு 9 வயது, விமானம் என்றால் உயிர்.
(சயான் வாசகர்)

பதில்: கோடி ரூபாய் கொடுத்தாலும் மாட்டார்கள். 2023 பிப்ரவரியில் துபாயிலிருந்து டெல்லி வந்த விமானத்தில் ஒரு கேப்டன் தன் சிநேகிதியைக் காக்பிட்டில் உட்கார வைத்தார். கம்பெனிக்கு 30 லட்ச ரூபாய் அபராதம், அவருக்கு 3 மாதம் லைசென்ஸ் கிடையாது.

காரணம் இல்லாமல் இல்லை. உரிமையோடு உள்ளே வந்தவர்களே வம்பு செய்திருக்கிறார்கள். 1994-ல் மெம்ஃபிஸிலிருந்து கிளம்பிய ஒரு சரக்கு விமானத்தில், அதே கம்பெனி ஊழியர் ஒருவர் கிட்டார் பெட்டிக்குள் சுத்தியலை ஒளித்துக்கொண்டு ஜம்ப் சீட் ஆளாக ஏறி மூன்று க்ரூவையும் அடித்து நொறுக்கினார். மண்டை உடைந்த நிலையில் அவர்கள் விமானத்தை இறக்கினார்கள். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் ஜம்ப் சீட்டில் இருந்த ஒரு பைலட், பறந்துகொண்டிருக்கும்போது இரண்டு என்ஜினையும் அணைக்கும் கைப்பிடிகளை இழுக்கப் பார்த்தார். கூட இருந்தவர்கள் தடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் படித்த கமாண்டர், தெரிந்த முகமாக இருந்தாலும் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தால் கோபப்படாதீர்கள் என்று இளம் பைலட்டுகளுக்குச் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

பேரனுக்கு ஒரு வழி உண்டு. இறங்கி, எல்லாரும் போனபின், கேபின் க்ரூவிடம் பணிவாகக் கேளுங்கள். பைலட்டுகளுக்கு நேரம் இருந்தால் வாசலில் நின்று எட்டிப் பார்க்க விடுவார்கள். சில நாள் மாட்டார்கள்.

*

கேள்வி: நான் கேபின் க்ரூ. எங்கள் கம்பெனி பைலட் ஒருவர் ஸ்டாண்ட்பையில் ஏறினார். வந்ததும் மூன்று பையை முதல் வரிசைக்கு மேலே வைத்துவிட்டு, உட்காருவதற்கு முன்பே "ஒரு காபி" என்றார். பயணிகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்?
(பெயர் வேண்டாம், பவாய்)

பதில்: "இதோ சார்" என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டிருக்க வேண்டும்.

பை கடைசியில், சாப்பாடு கடைசியில், காசு கொடுத்தவர் கேட்டால் சீட்டும் அவருக்கு. தாயும் குழந்தையும் தனித்தனியே உட்கார்ந்திருந்தால், நீங்கள் கேட்கும் முன்பே ஓசிக்காரன் எழுந்திருக்க வேண்டும். உங்கள் மடக்கு நாற்காலி பக்கம் வந்து நின்று கதை பேசக்கூடாது. இறங்கும்போது நன்றி சொல்ல வேண்டும். நான் பார்த்த வரையில், காக்பிட்டில் கைகட்டி நிற்கிறவர்களில் சிலர் கேபினுக்கு வந்தால் ஜமீன்தார் ஆகிவிடுகிறார்கள்.

*

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு நீங்களும் ஸ்டாண்ட்பையில்தான் போகிறீர்களா கேப்டன்?
(செம்பூர் வாசகர், உங்கள் பக்கத்துத் தெரு)

பதில்: எங்கள் கம்பெனியில் ஓய்வு பெற்றவன் பட்டியலின் அடிவரிசை. போன மாதம் மச்சினன் பேரன் காதுகுத்து, சென்னையில். நானும் மனைவியும் காலை 7 மணி விமானத்துக்கு நின்றோம், இடமில்லை. 9 மணி விமானத்தில் ஒரே ஒரு சீட். நீ போ என்றேன். "உங்க கம்பெனி, நீங்களே போங்க" என்றாள். கேட் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் எங்களுக்குப் பின்னால் நின்ற சாமான் ஏற்றும் ஒரு இளம் லோடரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள், கேட் மூட வேண்டுமே. 11 மணி விமானத்தில் எனக்கு 31-ஈ, டாய்லெட் பக்கத்தில், பின்னால் சாயாத நாற்காலி. மனைவி அதே விமானத்தில் 4-ஏ, ஜன்னல் ஓரம். நான் டீ வாங்கப் போயிருந்த பத்து நிமிடத்தில் போனிலேயே முழுக்காசு கட்டி டிக்கெட் எடுத்திருக்கிறாள்.